விலைக்கு இன்பாக்ஸ்

திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு, மன்னார்குடி என்று டெல்டாவில் எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அவரைப் பார்க்கலாம். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி. சட்டைப் பையில் அடங்காமல் தலையை நீட்டிக்கொண்டிருக்கும் போன். தாத்தாவிடம் வேலிக் கணக்கில் இருந்த நிலம் இவர் கைக்கு வந்தபோது மாக் கணக்காகிவிட்டது. நடை மட்டும் இன்னும் வேலிக் கணக்கிலேயே இருக்கிறது. ஊரில் அவருக்குப் பெயர் ஸ்டேட்டஸ் மிராசு.

அந்த வீட்டில் நெல்லை விற்கப் போன வழக்கமே கிடையாது. வியாபாரிதான் வருவார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிப்பார், மழை தண்ணியைப் பேசுவார், எழுந்திருக்கும்போதுதான் நெல்லைப் பற்றி வாயெடுப்பார். அப்படி வந்த வம்சத்து ஆள் "வாங்க, வாங்க" என்று கூவி விற்பாரா? அதற்காகத்தான் கடவுள் போனைக் கொடுத்தார் என்பது அவர் துணிபு. கூவுவது போன்தானே, அவரில்லையே.

எல்லாம் ஒரு மாசி ராத்திரியில் ஆரம்பித்தது. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு, தார்ப்பாய்க்குப் பக்கத்தில் கொசுக்கடியில் காவல் படுத்திருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் காயவைக்கச் சொல்வார்கள். காயவைத்தால் மழை வரும். தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தவர் கண்ணில், யாரோ ஒருவர் கருப்புக் கவுனியை அரிசியாக்கிக் கிலோக் கணக்கில் விற்கும் வீடியோ பட்டது. விடிவதற்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். 2025 குறுவைக்கு அரசு அறிவித்த விலை சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. ஆக, கிலோ இருபத்தைந்து ரூபாய். கவுனி அரிசியோ கிலோ நூறைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. பாரம்பரிய ரகம் மகசூலில் பாதிதான் தரும், காற்றடித்தால் ஆளுயரப் பயிர் அப்படியே படுத்துக்கொள்ளும், நூறு கிலோ நெல்லை அரைத்தால் அறுபத்தைந்து கிலோ அரிசி தேறினாலே பெரிசு. இந்த மூன்றும் அந்தக் கணக்கில் வரவில்லை. விடியற்காலைக் கணக்குகளே அப்படித்தான்.

தைரியம் சொல்லப் பக்கத்து மாவட்டமும் இருந்தது. புதுக்கோட்டைப் பக்கம் சின்னவீரமங்கலத்தில் 2018இல் வயல்வெளியில் அடுப்பு மூட்டி வீடியோ எடுக்கத் தொடங்கியவர்கள், 2021இல் யூடியூபில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டுவிட்டார்கள். "அவங்ககிட்ட ஒரு தாத்தா இருக்காரு, அதான் விஷயம்" என்றார் மிராசு. "நம்ம வீட்ல நானே தாத்தாதானேப்பா?"

கல்லூரியில் படிக்கும் தங்கை மகன் முதலில் வாட்ஸ்அப் பிசினஸைப் போட்டுக் கொடுத்தான். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள், அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போய்ச்சேரும் என்று விளக்கினான். மிராசு முன்பாதியை மறந்துவிட்டுப் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் போகாத விசேஷம் கிடையாது. கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவார். "நம்பர சேவ் பண்ணிக்குங்க மாப்ள." ஒரு துக்க வீட்டிலும் இதைச் சொன்னதாகக் கேள்வி. இறந்தவர் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூத்த மகனைச் சேர்த்தாராம். தஞ்சாவூர்க் குசும்பில் கட்டிய கதையாகவும் இருக்கலாம்.

கூகுள் வரைபடத்திலும் கடை ஏறியது. புள்ளியை இவரே குத்தியதால் அது ஊர்க் குளத்தின் நடுவில் விழுந்தது. கும்பகோணத்திலிருந்து அரிசி வாங்கக் காரில் வந்த தம்பதி குளக்கரையில் நின்று போன் அடித்தார்கள், எடுக்க ஆளில்லை. '24 மணி நேரமும் திறந்திருக்கும்' என்று போட்டிருந்தது வாஸ்தவம்தான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நாலு மணிக் காப்பிக்கும் நடுவே காவிரி கரை உடைந்தாலும் மிராசு எழுந்திருக்க மாட்டார்.

வீடியோக்களில் ராஜராஜன் வராத நாள் கிடையாது. பின்னால் பெரிய கோயில் படம், முன்னால் அரிசிப் பை, நடுவில் இவர்: "மாமன்னன் சாப்பிட்ட அரிசி!" பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்ற மரக்காலால் நெல் அளந்த கணக்கு வண்டி வண்டியாக இருக்கிறது. ராத்திரிக்குக் கவுனிக் கஞ்சி குடித்தேன் என்று மன்னர் எங்கும் வெட்டிவைத்துவிட்டுப் போகவில்லை. இதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "நீங்க கமென்ட்ல போடுங்க தம்பி, ரீச் ஆவும்" என்றார்.

விதை வந்த வழியைக் கேட்டால் குரல் தழையும். நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, ஆளுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார். காசு கிடையாது. அழிந்துபோனதாக நினைத்த நூற்று எழுபது ரகம்போல இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் பிழைத்தன. 2018 டிசம்பரில் அவர் போய்ச்சேர்ந்துவிட்டார். ஷேர் என்றால், என்னைக் கேட்டால், அந்த விதைக் கைமாற்றுதான். மிராசுவும் அந்த வழியில் இரண்டு கிலோ வாங்கியது நிஜம். நாலு கிலோவைப் பற்றி இதுவரை ஸ்டேட்டஸ் எதுவும் வரவில்லை.

கமென்ட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றே: "அண்ணா, விலை?" பதிலும் ஒன்றே: "இன்பாக்ஸ் வாங்க." எனக்கு மாட்டுச் சந்தை ஞாபகம் வந்துவிடும். தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டு போய் இன்பாக்ஸ் வந்திருக்கிறது. துண்டுக்குள்ளாவது விரல் உண்மையைச் சொல்லும். இங்கே சென்னை எண்ணுக்கு ஒரு விலை, வெளிநாட்டு எண்ணுக்கு ஒரு விலை, சம்பந்தி வீட்டுக்கு "அதுல என்னங்க இருக்கு, பாத்து அனுப்புங்க" என்று ஒரு விலை.

பையில் எவ்வளவு போடுவது என்பதிலும் குழப்பம். 2022 ஜூலையில் 25 கிலோவும் அதற்குக் கீழும் லேபிள் ஒட்டி அடைத்த அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், கடைகளில் திடீரென 26 கிலோ மூட்டை முளைத்தது நினைவிருக்கும். மிராசுவும் 26 கிலோ கட்டினார். கூரியர்காரர் எடை போட்டுச் சொன்ன தொகையைக் கேட்டு, அதே மூட்டையைத் தானே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பஸ் டிக்கெட், லக்கேஜ், இரண்டு வேளைச் சாப்பாடு. அந்த விற்பனையில் லாபம் வாங்கியவர் வீட்டில் குடித்த ஒரு டம்ளர் காப்பி.

அரிசியில் வண்டு என்று ஒருத்தர் படம் எடுத்துப் போட்டார். மிராசு அசரவில்லை. "மருந்தடிச்ச அரிசிய வண்டு தொடுமாங்க? வண்டே சர்டிபிகேட் குடுத்துருக்கு." அந்த வாடிக்கையாளர் அடுத்த மாதமும் வாங்கினார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடைசியில் பெயர் வாங்கிக் கொடுத்தது இவற்றில் எதுவுமில்லை. புரட்டாசி நடவு. மிராசு அதே கஞ்சி வேட்டியோடு வயலில் இறங்கி, கையில் ஒரு நாற்று முடியைப் பிடித்து, உழவனின் வியர்வை என்று ஆரம்பித்தார். பின்னால் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டு வந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா நிமிர்ந்தார்.

"ஐயா! போனப் பாத்துக்கிட்டு கால எங்க வைக்கிறீங்க? நாலு குத்து நாத்து போச்சு. மொதல்ல கரையேறுங்க!"

மிராசு கரையேறினார். ஏறும்போது வழுக்கியதும் பதிவாகியிருந்தது. தங்கை மகன் அதை வெட்டாமல் அப்படியே ரீலாகப் போட்டுவிட்டான். அதுவரை நூறைத் தாண்டாத பார்வை, ரெண்டு நாளில் லட்சத்தைத் தாண்டியது. "அந்தம்மா நட்ட அரிசி இருக்கா?" என்று ஆர்டர்கள் வந்தன. ராஜராஜனை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மிராசு வரப்பில் நின்று, இன்னொரு தடவை அதேமாதிரி திட்ட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த அம்மா கையைச் சேற்று நீரில் அலசிக்கொண்டே, வயல் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார்:

"நட்டா நடவுக் கூலி. திட்டுனா அதுக்குத் தனியா அரைநாள் கூலி. டீயும் வடையும் வேற!"