உள்குத்தகைக்கு வந்த மருமகனுக்கு

வா மருமகனே. பட்டாசு ஆபீஸ் எடுத்து நடத்தப் போறியாமே, அக்கா சொன்னா. பேஷ். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரைக்கும் போயித் தொழில் படிச்சுட்டு வந்துதான் 1923ல சிவகாசியில தீப்பெட்டி ஆபீஸ் போட்டாங்க. பாவம், அவுகளுக்கு யூடியூப் இல்ல. நீ ரெண்டு வீடியோ பாத்துட்டே, போதும்.

நாக்பூர் வெடிமருந்து ஆபீஸ் லைசென்ஸுக்கெல்லாம் நீ எதுக்கு அலையிற? லைசென்ஸ் வச்சிருக்கவன்ட்ட நாலு ரூமு உள்குத்தகைக்குப் பிடி. அதுல ரெண்ட நீ இன்னொருத்தனுக்கு விடு. ஏதாச்சும் ஆச்சுன்னா, முதலாளி யாருன்னு தேடி முடிக்கிறதுக்குள்ள அடுத்த தீபாவளி வந்துரும்.

மருந்து செலுத்துற ரூமுல 4 பேருக்கு மேல உக்காரக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கான். எழுதுனவனுக்கு சீசன் ஆர்டர் தெரியுமா? 8 பேரா உக்கார வை. அப்பவும் பத்தலையா, வெளிய வேப்பமரம் நிக்கி. நிழலுக்கு வாடகை கிடையாது. ரப்பர் விரிப்பு தண்டச் செலவு. கலந்த மருந்து மிஞ்சிப்போச்சுன்னா அன்னன்னைக்கே அழிக்கணும்பாங்க. காசு போட்டு வாங்குனத யாராவது அழிப்பானா? மூடி வச்சுட்டு வீட்டுக்குப் போ. அலுமினியத் தூளுக்கு ஈரம் பட்டா ராத்திரியோட ராத்திரியா அதுவாவே சூடு ஏறும். அது அதோட பாடு.

சுப்ரீம் கோர்ட்டு வேற 2018ல பேரியம் ஆகாதுன்னுருச்சு. பச்சை வெளிச்சத்துக்கு உசுரே அதுதான். அத எடுத்துட்டுப் பசுமைப் பட்டாசு செய்யின்னு உத்தரவு. அதையும் நீ பாத்துக்கிடுவ, கெட்டிக்காரன்.

2012 செப்டம்பர்ல முதலிப்பட்டி பட்டாசு ஆபீஸ்ல நடந்தத மட்டும் யார்ட்டயும் கேக்காத. 40 பேருக்குப் பக்கமாப் போயிச் சேந்தாங்க. அதுல பாதிப் பேருக்கு மேல அங்க வேலை பாத்தவுகளே இல்ல. தீயப் பாத்து உதவிக்கு ஓடுனவுக, என்னன்னு எட்டிப் பாக்கப் போனவுக. அதெல்லாம் கேட்டா ராத்திரி தூக்கம் வராது, தூக்கம் வரலன்னா தொழில் எப்படி நடத்துவ?

உன் மேசைய கேட்டுக்குப் பக்கத்துல போட்டுக்கோ. கணக்குப் பாக்க வெளிச்சம் நல்லாருக்கும். ஓடவும் தோது.

ஆள் பத்தலன்னு சொன்னேல்ல? வெளிய எதுக்குத் தேடுற? அக்கா வீட்டுல சும்மாதான இருக்கா, சின்ன வயசுல திரி நறுக்குன கை வேற. நாளைக்கே கூட்டிட்டு வந்துரு. எட்டாவது ஆளா ரூமுக்குள்ள உக்கார வைக்கப் போறியா, மரத்தடியிலயா?