அட்டை இருக்க அச்சடிப்பானேன்?

புத்தகம் வாங்குகிறவர்கள் ஒருவழியாகத் திருந்திவிட்டார்கள். உள்ளே புரட்டி, நாலு வரி படித்து, கடைக்காரரைக் காக்கவைக்கும் கெட்ட பழக்கம் ஒழிந்தது. அட்டையைப் பார்க்கிறார்கள், முகத்தருகே பிடித்துப் படமெடுக்கிறார்கள், அடுத்த ஸ்டாலுக்கு நகர்கிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் நெரிசல் குறைவதே இவர்கள் புண்ணியத்தில்தான்.

முன்னோடிகள் இல்லாமலில்லை. பாக்கெட் நாவலில் இன்ஸ்பெக்டர் பிணத்தைத் தேடுவார். அட்டையில் ஒரு நடிகை சிரிப்பார். கடைசிப் பக்கம்வரை இருவரும் சந்திப்பதேயில்லை. என்ன கண்ணியம்!

1947 ஜூலையில் சிறுவர் இதழ்களான சந்தமாமா தெலுங்கிலும் அம்புலிமாமா தமிழிலும் பிறந்தன. உள்ளே எழுத்து வேறு, வெளியே ஓவியம் ஒன்று. எங்கள் சித்தூர்ச் சீமையில் இரு மொழிக்காரர்களுக்கும் ஒரே ராட்சசன். எது முக்கியம் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

ஓவியர் ஆதிமூலம்தான் கொஞ்சம் கெடுத்தார். அட்டையில் அவர் வரைந்த கோடுகளில் மயங்கிச் சிலர் உள்ளேயும் போய்ப் படித்துத் தொலைத்தார்கள்.

ஆகவே ஒரு பதிப்பாளரிடம் யோசனை சொன்னேன்: வழவழப்பான கெட்டி அட்டை, தூக்கலான பொன்னெழுத்து, உள்ளே வெற்றுத்தாள். மெய்ப்புப் பார்க்க வேண்டாம், ராயல்டி வேண்டாம்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அதைத்தான் சார் வருஷா வருஷம் டைரின்னு போடறோம். மிச்சமில்லாம விக்கிறது அது ஒண்ணுதான். எழுத்தாளருங்கதான் அதையும் வாங்கிட்டுப் போய் எழுதிக் கெடுத்துடறாங்க.”