தையல் டேப்புக்கு எட்டாத தண்டவாளம்

ராஜபாளையத்து ரயில்வே கேட் ஒன்றில், நடுத்தண்டவாளத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். கையில் என் மனைவியின் தையல் டேப். பிராட் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தையல் டேப் 150 சென்டிமீட்டரோடு தீர்ந்துபோகும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. இத்தனைக்கும் முப்பது வருஷம் மில்லில் கணக்கு எழுதியவன்.

ஒரு முனையை இடது தண்டவாளத்தில் வைத்து இழுத்தால் வலது பக்கம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக டேப் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தேன். ரப்பர் பூசிய துணிதானே, கொஞ்சம் நீளாதா என்று ஒரு நப்பாசை. பின்னால் டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். கேட் கீப்பர் வெளியே வந்து பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, ரயிலுக்கு ஜாக்கெட் தைக்கப் போறீகளா? எந்திரிங்க, வண்டிக்கு நேரமாச்சு.”

மீட்டர் கேஜாக இருந்திருந்தால் இந்த அவமானம் இல்லை. சரியாக ஒரு மீட்டர். தையல் டேப்பில் அரை மீட்டர் மிச்சமே இருந்திருக்கும். ஆனால் எங்கள் ஊரில் மீட்டர் கேஜ் இருந்த காலத்தில் அளக்க எனக்குத் தோன்றவில்லை. அதை ஏன் அளக்கவில்லை என்பதைச் சொன்னால் மானம் போகும். கடைசியில் சொல்கிறேன்.

நான் ரயில் பைத்தியம். பழைய பாதை, பழைய பாலம், குகை, கைவிடப்பட்ட ஸ்டேஷன் என்று எங்கே பெயர் கேட்டாலும் பை எடுத்துவிடுவேன். கால்வாயும் சேர்த்தி. ரயில் வருவதற்கு முன்னால் சரக்கு போன வழி அதுதானே. பயணங்களுக்கென்று ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். அதில் வரவுப் பக்கம் கிட்டத்தட்டக் காலி. நிலுவைப் பக்கம் மூன்றாவது நோட்டுக்குப் போய்விட்டது.

முதலில் ஆணி விவகாரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய இரும்புக் கடை ஒன்றில் துருப்பிடித்த ஆணி ஒன்று கிடைத்தது. ஒரு சாண் நீளம், தலை தடித்தது. கடைக்காரர் என் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். முந்நூறு ரூபாய் என்றார். பேரம் பேசுவது சரித்திரத்தை அவமதிப்பது என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். எண்ணெய் போட்டுத் துடைத்து, வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்து, ‘மீட்டர் கேஜ் தண்டவாள ஆணி, ராஜபாளையம், 1904’ என்று சீட்டும் எழுதி ஒட்டினேன். வந்த விருந்தாளிகள் எல்லோரும் காப்பி ஆறும்வரை அதன் பெருமையைக் கேட்டே தீர வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கீமேன் என்றால் தினமும் தன் பங்குத் தூரத்தை நடந்தே பார்த்து, தளர்ந்த பிடிகளைச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறவர். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது மாட்டுவண்டிக் கடையாணில்லா. சக்கரம் கழண்டுராம அச்சுல மாட்டுவாங்க. எங்க ஆணிக்குத் தலை ஒரு பக்கமா நீட்டிக்கிட்டு நாய் மூஞ்சி மாதிரி இருக்கும். அதனாலதான் டாக் ஸ்பைக்குன்னு பேரு.”

நான் பேசவில்லை.

“நல்லவேளை, கடையாணியாப் போச்சு. ரயில்வே சாமான வீட்டுல வச்சிருந்தீங்கன்னா கேசு. அதுக்குத் தனிச் சட்டமே இருக்கு.” உண்மைதான், 1966-லிருந்து இருக்கிறது. போகிறபோது சீட்டையும் ஒரு பார்வை பார்த்தார். “1904-ல இங்க ஏது ரயிலு? இது எங்கப்பா மண்ணு சுமந்த லைனு.”

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. 1904 நவம்பரில் முழுதாகத் திறந்தது திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம் போகும் பாதை. விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் எங்கள் பாதை 1927-ல்தான் வந்தது. அதுவரை எங்கள் பக்கத்து ஆள் ரயிலில் குற்றாலம் போக நினைத்தால் மணியாச்சி, திருநெல்வேலி என்று தெற்கே இறங்கி மேற்கே திரும்ப வேண்டும். நானோ கொல்லம் பாதையின் ஜாதகத்தை எடுத்து ராஜபாளையத்துக்கு எழுதியிருக்கிறேன். எத்தனை விருந்தாளிகளிடம் 1904 என்று சொன்னேனோ, ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. காப்பி ஆறிவிடுமே என்ற கவலை அவர்களுக்கு.

அடுத்தது பதிமூன்று கண் பாலம். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே 49 கிலோமீட்டர், மலைப்பாதை. ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டி அருகே கருங்கல் தூண்களின் மேல் பதிமூன்று வளைவுகளோடு அந்தப் பாலம் நிற்கிறது. 2010-ல் மீட்டர் கேஜை நிறுத்தி, பழைய பாலத்தையே பலப்படுத்தி, 2018-ல் பிராட் கேஜ் ரயிலை விட்டார்கள். விட்ட கொஞ்ச நாளில் மனைவி, மச்சான் குடும்பம் என்று ஏழு பேரைத் திரட்டிக்கொண்டு கிளம்பினேன். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் தூக்குவாளியில் வந்தன. செங்கோட்டையிலிருந்தே என் பேருரை தொடங்கிவிட்டது. செங்கோட்டை 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது, அதனால்தான் ஆரியங்காவுக் குகை வாசலில் சங்கு முத்திரை என்று ஆரம்பித்து, “இன்னும் கொஞ்ச நேரத்துல பாருங்க, அப்படியொரு பாலம்” என்பதில் வந்து நின்றேன்.

ரயில் மெதுவாக வளைந்தது. எல்லோரும் ஜன்னலுக்கு வந்தார்கள். வெளியே மரம், சாலை, பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர்.

“எங்கங்க பாலம்?” என்றாள் மனைவி.

“நாம அது மேலதான் இருக்கோம்.”

“அப்போ எப்படிப் பார்க்கிறது?”

இந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. பாலத்தின் மேல் போகிறவனுக்குப் பாலத்தின் கண்கள் எப்படித் தெரியும்? ஒரு கண்கூடத் தெரியவில்லை. கீழே சாலையில் காரை நிறுத்திவிட்டு நாலைந்து பேர் பாலத்தையும் ரயிலையும் சேர்த்து அழகாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களில் நான் நிச்சயம் இருப்பேன். மூன்றாவது பெட்டி, வாயைத் திறந்தபடி ஒருத்தர். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. தூக்குவாளியைத் திறந்தார்.

விடுவேனா? இரண்டு மாதம் கழித்து பஸ்ஸில் தனியாகப் போய் அதே சாலையில் இறங்கினேன். பாலம் கண் நிறையத் தெரிந்தது. ரயிலோடு சேர்த்து ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். வெயிலில் அரை மணி நேரம் நின்றேன். வண்டி வரவில்லை. தாமதமாக இருக்கும் என்று டீக்கடைக்குள் போய்ப் புட்டும் கடலையும் சொன்னேன். கடை பாலத்துக்கு முதுகைக் காட்டி இருந்தது. இரண்டாவது கவளத்தில் ஹாரன் கேட்டது. கையைக் கழுவாமல் ஓடிவந்து பார்த்தபோது கடைசிப் பெட்டியின் பின்புறம் மரங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. படம் எடுத்தேன். ஒரு எக்ஸ் குறியும் என் கட்டைவிரலும் அதில் இருக்கின்றன.

இதற்கெல்லாம் முன்னால், 2010 செப்டம்பரில், அந்த மலைப்பாதையில் மீட்டர் கேஜ் கடைசியாக ஓடிய நாளுக்கு நான் போகாத கதை இருக்கிறது. போகவேண்டும் என்று ஒரு மாதமாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கடைசி வண்டியின் டிரைவருக்கு நம் ஊர்ப்பக்கத்து மரியாதையாக ஏதாவது கொடுக்க வேண்டாமா? ராஜபாளையத்தில் இருக்கிறவன் தென்மேற்கே செங்கோட்டைக்குப் போவதை விட்டுவிட்டு, வடகிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கப் போனேன். சூடாக வேண்டும் என்று கேட்டுவிட்டேன். சட்டியில் கிண்டி முடியும்வரை நின்றேன். வாங்கிக்கொண்டு ராஜபாளையம் திரும்பி ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் செங்கோட்டை வண்டி போய்விட்டிருந்தது. பஸ் பிடித்தால் எட்டிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், கணக்குப் போட்டுப் பார்த்தேன், எட்டாது. அரைக் கிலோ பால்கோவாவில் பாதியைப் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சிலேயே தின்றேன். கடைசி வண்டியை மறுநாள் பேப்பரில் பார்த்தேன். நல்ல கூட்டம். டிரைவர் கழுத்தில் மாலை இருந்தது. பால்கோவா யாரும் கொடுத்த மாதிரி தெரியவில்லை.

கால்வாய்களில் என் யோக்கியதை இன்னும் கொஞ்சம் மோசம். பெரியாறு அணை கட்டும்போது சாமான்கள் எப்படி மலையேறின என்பது ரயில்காரர்களுக்குப் பிடித்த கதை. 1887-ல் தொடங்கி 1895 அக்டோபரில் திறந்த வேலை. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோட்டில், ரயிலிலிருந்து இறக்குவார்கள். அங்கிருந்து மாட்டுவண்டியில் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் கூடலூர் வரை. கூடலூரிலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டுத் தேக்கடிக்கு ஏற்றி, பிறகு ஆற்று வழியே படகில் அணைக்கு. ரயில், வண்டி, வடம், படகு. நாலும் ஒரே பயணத்தில்! அதே வழியில் போவது என்று கிளம்பினேன்.

கொடை ரோட்டில் இறங்கி ஸ்டேஷனைச் சுற்றிவந்து பன்னீர் திராட்சை இரண்டு கிலோ வாங்கினேன். வெயிலில் கூடலூர் போய்ச் சேரும்போது பை சாறாகிவிட்டது. பக்கத்து லோயர் கேம்ப்பில் ஒரு டீக்கடையில், “அந்தக் காலத்துல மலைக்கு மேல சாமான் ஏத்தின வழி எங்க இருக்கு?” என்று கேட்டேன். கடைக்காரர் கரண்டியாலேயே மலையைக் காட்டினார். மலையிலிருந்து கீழே நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கின. ஆகா என்று முப்பத்தாறு படம் எடுத்தேன். அவை மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்கள் என்பதும், கம்பிவடத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் ஊர் திரும்பிய பிறகு தெரிந்தது. கடைக்காரரைக் குற்றம் சொல்லமாட்டேன். நான் கேட்டது அப்படி.

இதில் இன்னொரு வேடிக்கை. மலையில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டிருக்கும் அந்தப் பெரியாறு பிறப்பது எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிவகிரி மலையில். என் மொட்டைமாடியில் நின்றாலே தெரிகிற மலைத்தொடர்தான். அதன் தண்ணீரைத் தேடி நான் வடக்கே ஒரு பெரிய வட்டம் அடித்து, திராட்சைச் சாறோடு திரும்பியிருக்கிறேன்.

சென்னை பக்கிங்ஹாம் கால்வாயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மூக்கு தாங்காது. 1806-ல் காக்ரேன் என்பவர் தொடங்கிய கால்வாய் அது. 1877-78 பஞ்ச காலத்தில் கூவத்தையும் அடையாற்றையும் சேர்த்து வெட்டி, கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். உப்பும் விறகும் நெல்லும் படகில் வந்த வழி. 1995-லிருந்து பறக்கும் ரயில் அதன் மேலேயே தூண் ஊன்றி ஓடுகிறது. ரயிலும் கால்வாயும் ஒன்றின் மேல் ஒன்று. என் போன்றவனுக்குக் காசி, ராமேஸ்வரம் இரண்டும் ஒரே இடத்தில். தூண் தூணாகப் படம் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு அம்மா வந்து, “சார், கார்ப்பரேஷனா? கொசு மருந்து அடிச்சு எத்தினி நாளாச்சு தெரியுமா?” என்றார். இல்லை என்று சொல்லத் தைரியமில்லாமல் பேரேட்டில் அவர் முகவரியைக் குறித்துக்கொண்டேன். நிலுவைப் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பினேன். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் வந்துசேரும் நேரம் எனக்கு மனப்பாடம் என்று எதிர் சீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டு படுத்தேன். எழுந்து இறங்கிய இடம் சங்கரன்கோவில்.

இப்போது அந்த மானம் போகிற விஷயம். எங்கள் ஊர் வழியாக மீட்டர் கேஜ் ஓடிய காலத்தில் என் வயதும் வசதியும் ரயிலேறத் தோதாகவே இருந்தன. கொல்லம் மெயில் என் காதில் விழும் தூரத்தில்தான் போயிற்று. நான் மதுரைக்குப் பஸ்ஸில் போனேன். ரயில் மெதுவாகப் போகும், விருதுநகரைச் சுற்றும், சட்டையில் கரி படியும் என்பேன். என் ஆயுளில் மீட்டர் கேஜில் ஏறியது மொத்தம் மூன்று தடவை. சின்ன வயதில் ஒருமுறை கொல்லத்துக் கல்யாணத்துக்குப் போகும்போது ஆரியங்காவுக் குகைக்குள் நுழைகிற நேரம் பார்த்து என் கண்ணில் கரித்தூள் விழுந்தது. குகை முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டே போனேன். நான் விவரமாக வர்ணிக்கும் அந்தச் சங்கு முத்திரையை என் கண்ணால் பார்த்ததில்லை.

அது மட்டுமில்லை. விருதுநகர் தென்காசிப் பாதையை அகலமாக்க வேண்டும் என்று ஊரில் மனு ஒன்று சுற்றியபோது அதில் எட்டாவது கையெழுத்து என்னுடையது. தெளிவாக, முத்திரைபோலப் போட்டிருந்தேன். 2004-க்குள் வேலை முடிந்தது. சென்னைக்கு நேர் வண்டி வந்தது. நான்தான் முதல் வாரமே டிக்கெட் எடுத்தேன். அந்தக் கையெழுத்தில் இன்றும் எனக்கு வருத்தமில்லை, ஊருக்கு அது தேவை. மீட்டர் கேஜுக்காகக் கண்ணீர் விட்டு நான் பேச ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருஷம். மனுவைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிய நண்பர், நான் பேசும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் கேட்கிறார். அவருக்கு நல்ல மனசு.

கடையாணி அலமாரியில்தான் இருக்கிறது. சீட்டை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறேன். பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் கழுதுருட்டியில் சாலையில் நின்று பாருங்கள். ரயிலில் ஏறாதீர்கள், புட்டு தின்னப் போகாதீர்கள். தண்டவாளத்தை அளக்க யாருக்காவது ஆசை வந்தால், வேண்டாம். 1676 மில்லிமீட்டர்தான், நம்புங்கள்.