இடுப்பில் ஒரு கீல்

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் டிராக்டர் கடன் கொடுத்தவன் நான். கடன் கொடுத்தால் வண்டியை நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும் என்பது விதி. போவேன். குனிந்து, சேசிஸ் எண்ணின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுப்பேன். வீட்டுக்காரர் வாங்கி வைத்திருக்கும் கலரைக் குடிப்பேன். கிளம்பிவிடுவேன். அந்த வண்டி எப்படித் திரும்புகிறது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. தவணை திரும்புகிறதா என்பது மட்டுமே அப்போது என் கவலை.

ஓய்வு பெற்ற எட்டாவது மாதம், ஒரு மே மாத ராத்திரி பத்தரை மணிக்கு, பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்தில் ஜமக்காளத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒன்றரைச் சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் டிராக்டர் ஒன்றின் அடிவயிற்றில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். அது திரும்ப மாட்டேன் என்றது. கட்டாயப்படுத்தினேன். இடுப்போடு ஒடிந்து இரண்டாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயசுப் பேத்தி, வாராக்கடன் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் மண்டல மேலாளர் மாதிரி என்னைப் பார்த்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவள் பிறந்தநாளுக்கு வந்த லெகோ டெக்னிக் பெட்டி. ஜான் டீர் 9620ஆர் என்ற அமெரிக்க டிராக்டரின் சின்ன உரு, 2022இல் கடைக்கு வந்தது, 390 துண்டு. லீவுக்கு வந்த இடத்தில் ஒரே சாயங்காலத்தில் அதை மாட்டி முடித்துவிட்டாள். எனக்கு அவள் கொடுத்த உத்தியோகம், துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துத் தட்டில் வைப்பது. முடிந்த வண்டியைத் தரையில் வைத்துத் திருப்பினாள். முன்சக்கரம் அசையவில்லை. வண்டியே நடுவில் மடங்கியது.

“தாத்தா, உடைஞ்சிருச்சா?”

“இல்லம்மா, அது அப்படித்தான்.”

அப்படித்தான் என்பது வங்கியில் கற்ற பதில். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் அதோடு போய்விடுவார்கள். இவள் “ஏன் அப்படி?” என்றாள். அதற்குப் பயிற்சி வகுப்பில் பதில் சொல்லித் தரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன்.

நம் ஊர் டிராக்டருக்குப் பின்சக்கரம் பெரிசு, முன்சக்கரம் சிறிசு. இழுப்பது பின்னது, வழி காட்டுவது முன்னது. நாலு சக்கரமும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், நாலும் இழுக்க வேண்டும் என்று வந்துவிட்டால் தொல்லை. ஆளுயர டயரை வண்டிக்கடியில் அப்படியும் இப்படியும் திருப்ப இடம் கிடையாது. திரும்புகிற சக்கரத்துக்கு எஞ்சின் விசையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதைவிடப் பெரும்பாடு. அதனால் சக்கரத்தைத் தொடாமல், வண்டியின் முதுகெலும்பையே வெட்டி நடுவில் கீல் போட்டுவிட்டார்கள். கீலின் இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் சிலிண்டர். ஒன்று நீளும்போது மற்றது சுருங்கும். முன்பாதி ஒரு பக்கமாக மடங்கும். ஆர்ட்டிகுலேட்டட் ஸ்டீயரிங் என்று அதற்குப் பெயர். கீல் இரண்டு அச்சுக்கும் சரிநடுவில் இருந்தால், முன்சக்கரம் போன தடத்திலேயே பின்சக்கரமும் வரும். வண்டி வளைகிற இடத்திலும் ஒரு தடத்து மண்தான் இறுகும்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஸ்டைகர் சகோதரர்கள் 1957-58 குளிர்காலத்தில் தங்கள் பண்ணைக் கொட்டகையிலேயே இப்படி ஒன்றைக் கட்டினார்கள். விற்பதற்கல்ல, தங்கள் நிலத்துக்கு. பிறகு அதுவே கம்பெனியானது. 1977இல் மொண்டானாவின் ஹாவர் என்ற ஊரில் ‘பிக் பட் 747’ பிறந்தது: 16 சிலிண்டர் எஞ்சின், 8 அடி உயர டயர், கலிஃபோர்னியாவில் பருத்தி நிலம் உழுவதற்காக. அதற்கும் இடுப்பில்தான் கீல். நான் கடன் கொடுத்த நிலங்களில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினால், பாதி வண்டி பக்கத்து வயலில் நின்றிருக்கும். எல்லைத் தகராறுக்கு வேறு ஒரு கடன் கொடுக்க வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் இந்தக் கீல் இல்லாமல் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கரி அள்ளும் வீல் லோடர்கள் இப்படித்தான் திரும்பும். அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இடுப்பை ஆட்டிக்கொண்டு போன ஒன்றைப் பார்த்து, ஏதோ ஆக்சில் கழன்ற வண்டி என்று ஜீப் டிரைவரிடம் விளக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன். அதிகாரி சொன்னதால் அவரும் ஆமாம் என்றார்.

பிக் பட் பிறந்த அதே 1977இல்தான் டென்மார்க்கின் பில்லுண்டில் லெகோக்காரர்கள் பற்சக்கரமும் அச்சும் வைத்த டெக்னிக் வரிசையைத் தொடங்கினார்கள். முதல் வருஷத்துப் பெட்டிகளில் ஒரு டிராக்டரும் உண்டு. அந்தக் கோடையில் நானும் ஒரு வாகனம் கட்டினேன். ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. ஊர், திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காடு. வாகனம், நுங்கு வண்டி.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மாதம் ஒருமுறை நுங்கு வண்டிப் படம் வரும். ‘இந்தச் சுகம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியுமா?’ என்று கீழே எழுதியிருக்கும். இரண்டு தடவை அனுப்பியவன் நான்தான். பேத்தியிடம் வாயாலும் சொல்லியிருக்கிறேன், எத்தனை தடவை என்று அவளைத்தான் கேட்க வேண்டும். படத்தில் வராத சிலவற்றையும் சொல்லிவிட வேண்டும். நுங்கு வண்டி மூன்று நாள் ஓடும். முதல் நாள், சக்கரமான கோந்தை (நுங்கை எடுத்த பனங்காய்) பச்சையாக, கனமாக, அழகாக இருக்கும். இரண்டாம் நாள் சுருங்கி எறும்பு மொய்க்கும். மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்து, அம்மா அதை வண்டியென்றும் பாராமல் மாட்டுக்குப் போட்டுவிடுவாள். 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த லெகோ கட்டை இன்றைய கட்டையோடு இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தக் காலம் அந்தக் காலம்தான் என்று உருகுகிறவர்கள் மூன்றாம் நாள் வண்டியை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு உருகலாம்.

செய்முறை சுலபம். நுங்கைக் குடித்து முடித்த கோந்தை இரண்டு. நடுவில் குத்தி நுழைக்க ஒரு சாண் குச்சி. அந்தக் குச்சியைத் தள்ள, ஆள் நெஞ்சளவு நீளத்தில் ஒரு கவட்டைக் கம்பு. மொத்தம் நாலு துண்டு. படம் போட்ட புத்தகம் கிடையாது. கவட்டையைக் குச்சியின் மேல் அமர்த்தி ஓட வேண்டியதுதான். கோயில் மூலையில் திரும்பும்போது கம்பை லேசாக ஒருபக்கம் ஒதுக்கினால் சக்கரம் முந்தித் திரும்பும், நான் பின்னால் வளைந்து வருவேன்.

ஊரில் இருந்த ஒரே டிராக்டர் பெரியப்பாவுடையது. அதன் டிரைவர் அண்ணாச்சி வரப்போரம் வந்ததும் ஸ்டீயரிங்கை ஒடிப்பதோடு நிற்க மாட்டார். வலதுகாலால் ஒரு பிரேக்கை மட்டும் மிதிப்பார். டிராக்டருக்கு இடம் வலம் என்று பின்சக்கரத்துக்குத் தனித்தனிப் பிரேக் உண்டு. மிதித்த பக்கம் நிற்கும், மறுபக்கம் சுற்றிக்கொண்டு வரும், வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். “ஏலே, தள்ளி நில்லு” என்பார். தள்ளி நின்றேன். முப்பத்து நாலு வருஷமும் தள்ளியே நின்றுவிட்டேன்.

பேத்தியின் டிராக்டர் நன்றாகவே ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். தாத்தாவுக்கும் ஒன்று கட்டத் தெரியும் என்று காட்டும் ஆசை வந்துவிட்டது. அவளிடம் மூட்டை கணக்கில் உதிரித் துண்டுகள் இருந்தன. பெரிய டயர் நாலு, மோட்டார் ஒன்று, ஆறு பேட்டரி போடும் பெட்டி ஒன்று. புத்தகம் இல்லாமல் சொந்தமாகக் கட்டுவது என்று தீர்மானித்தேன். அவள் சிரித்தாள் என்று சொல்ல முடியாது, சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

கீல் செய்வது ஐந்து நிமிஷ வேலை. அதன் வழியே மோட்டாரின் சுழற்சியை முன்பாதியிலிருந்து பின்பாதிக்குக் கடத்துவதுதான் வித்தை. மடங்குகிற இடத்தில் அச்சும் மடங்க வேண்டும். லாரியில் இருக்கிற மாதிரி ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் லெகோவிலும் உண்டு. அதன் சிலுவையின் நடுப்புள்ளி, கீலின் நேர்கோட்டில் இம்மியும் பிசகாமல் உட்கார வேண்டும். நான் ஒரு துளை தள்ளி வைத்தேன். லெகோவில் ஒரு துளை என்பது 8 மில்லிமீட்டர். நேராகப் போகும்போது ஒரு குறையும் தெரியவில்லை. திருப்பியதும் ஒருபக்கம் அச்சு நீளம் போதாமல் இழுத்தது, மறுபக்கம் முட்டியது. பற்சக்கரங்கள் விலகிக் கடகடவென்று பல்லைக் கடித்தன. வீட்டில் எல்லாரும் எழுந்து வந்தார்கள். மகள், “அப்பா, காலையில பாத்துக்கலாமே” என்றாள். விடிய விடிய அந்த 8 மில்லிமீட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது ஸ்டீயரிங். கூரைமேல் ஒரு திருகு வைத்து, சாதாரணப் பற்சக்கரங்கள் வழியாகக் கீலைத் திருப்பினேன். திரும்பியது. கையை எடுத்ததும் தானாகவும் திரும்பியது. சக்கரத்தில் ஒரு செருப்பு தட்டினால் போதும், வண்டி போதை ஏறியவன் மாதிரி மடங்கிவிடும். இதற்கு மருந்து வார்ம் கியர், திருகாணி வடிவப் பற்சக்கரம். அது அடுத்த பற்சக்கரத்தைச் சுற்றும். அந்தப் பற்சக்கரத்தால் அதைச் சுற்ற முடியாது. திருப்பிய இடத்தில் திருப்பியபடி நிற்கும். 24 பல் சக்கரத்தோடு அதைக் கோத்தால், வண்டி 40 பாகை மடங்கக் கூரைத் திருகை இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். மெதுவான வேலை, ஆனால் நம்பகமான வேலை. எங்கள் தலைமை அலுவலகம் நினைவுக்கு வந்தது, வேகத்தில் மட்டும்.

டைல்ஸ் தரையில் வண்டி ஓடியது, திரும்பியது. பேத்தி கைதட்டினாள். நான் குடும்பக் குழுவில் வீடியோ போட்டேன். பன்னிரண்டு கட்டைவிரல்கள் வந்தன. அந்தத் திமிரில் ஜமக்காளத்தின் மேல் விட்டேன். அங்கேதான் மேலே சொன்ன ஒடிவு.

டார்ச் அடித்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீல் சரி, ஜாயிண்ட் சரி, வார்ம் சரி. தரை வழுக்கும்போது திரும்புகிற வண்டி, தரை பிடிக்கும்போது ஏன் முறுக்கிக்கொள்கிறது? சக்கரத்தைக் கழற்றினேன், மாட்டினேன். சிலிக்கோன் எண்ணெய் விடலாமா என்று யோசித்தேன். பேத்தி கொட்டாவி விட்டபடி கேட்டாள்:

“தாத்தா, உங்க நுங்கு வண்டியில ரெண்டு சக்கரமும் சேந்தே சுத்துமா, தனித்தனியாவா?”

எத்தனையோ தடவை அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். புதுக் கோந்தையில் குச்சி இறுகி நிற்கும், இரண்டும் சேர்ந்து சுற்றும், திருப்பினால் தரையில் தேய்த்துக்கொண்டு அடம் பிடிக்கும். அரைநாள் ஓட்டியதும் துளை பெரிசாகிவிடும். அப்புறம் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குச் சுற்றும், வண்டி சொன்னபடி கேட்கும். வண்டி பழகிவிட்டது என்று நாங்கள் சொல்வோம்.

“தனித்தனியா” என்றேன்.

“இதுல?”

இதில் இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கமாகக் கோத்திருந்தன. வட்டம் அடிக்கும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். என் டிராக்டரில் இடது வலது டயர்களின் நடுவுக்கு நடு 16 சென்டிமீட்டர். ஒரு முழு வட்டத்துக்கு வெளிச்சக்கரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வட்டம் சின்னதோ பெரிசோ, அந்தக் கணக்கு மாறாது. நின்ற இடத்தில் மடங்குவதற்கும் ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னும் உருள வேண்டும். நான் இரண்டையும் கட்டிப்போட்டிருந்தேன். டைல்ஸில் வழுக்கித் தப்பித்த வண்டி, ஜமக்காளத்தில் மாட்டிக்கொண்டது. கீல் பாவம், சக்கரத்தின் பிடிவாதத்தை அது வாங்கிக்கொண்டது.

டிஃபரன்ஷியல் என்ற துண்டு மூட்டையிலேயே கிடந்தது. ஒரு சின்னக் கூண்டு, உள்ளே கோணலாகப் பல் வைத்த மூன்று குட்டிச் சக்கரங்கள். கூண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் சுற்றினால் மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றும். அதைப் பேத்தி ஒரு வாரமாகப் பம்பரம் மாதிரி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அச்சுக்கு ஒன்றாக இரண்டு வேண்டியிருந்தது. மற்றொன்றை அவளே தேடி எடுத்துவந்து, அவளே மாட்டினாள். எனக்கு மறுபடியும் தட்டு பிடிக்கும் வேலை.

மறுநாள் காலை ஜமக்காளத்தின் மேல் வண்டி எட்டுப் போட்டது. பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வந்ததா என்று பார்க்க, டயரில் கோலமாவு தடவி ஓட்டினோம். வந்தது, கடைசி வளைவில் மட்டும் ஒரு விரல்கடை விலகியது. ஜமக்காளத்தைத் துவைத்தது யார் என்பது இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

அன்று சாயங்காலம் திருச்செந்தூர் சாலையில் நுங்கு வெட்டுகிறவரிடம் இரண்டு கோந்தை கேட்டேன். காசு வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து வண்டி செய்து கொடுத்தேன். பேத்தி தெருமுனைவரை ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு தாத்தா. ஆனா பின்பாதி நானேவா?”

லீவு முடிந்து அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நுங்கு வண்டி மூன்றாம் நாளே பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போனது. டிராக்டர் ஃப்ரிட்ஜின் மேல் நிற்கிறது, முன்பாதி இடதுபக்கம் மடங்கியபடி. வார்ம் கியர் இருப்பதால் நான் திருகைச் சுற்றாதவரை அது நேராகாது. ஆறு பேட்டரியில் ஒன்று சுவர்க் கடிகாரத்துக்குப் போயிருக்கிறது. அடுத்த ஏப்ரலுக்குள் ஒன்று வாங்கி வைக்க வேண்டும்.