பார்டர்வாசிகள்

தமிழ்நாட்டில் யாருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. ‘லேசா சுகர்’ இருக்கும். இல்லாவிட்டால் ‘பார்டர்ல’ இருக்கும். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் பார்டர், 6.5-ஐத் தொட்டால் தாண்டியாயிற்று என்கிறது மருத்துவம். நம் ஆட்களோ 7.8-ஐ வைத்துக்கொண்டும் பார்டரிலேயே குடியிருக்கிறார்கள். ரேஷன் கார்டைத்தான் இன்னும் அந்த முகவரிக்கு மாற்றவில்லை.

வெறும் வயிற்றுப் பரிசோதனை கொஞ்சம் இளகிய மனசு. இரண்டு நாள் பாகற்காயும் கோதுமைத் தோசையுமாக ஓட்டி, ராத்திரி மொட்டைமாடியில் நாலு சுற்று நடந்துவிட்டுக் கையை நீட்டினால், 126-க்குக் கீழே ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடவும் கூடும். லேப் வாசல் டீக்கடைக்கும் சந்தோஷம். ஹெச்பிஏ1சி அப்படியல்ல. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வரும். தீபாவளி அதிரசம், மாமியார் வீட்டு மைசூர்பாகு எல்லாம் மளிகைக்கடைப் பாக்கி நோட்டுப் போல இரண்டு மூன்று மாதத்துக்குப் பதிவாகியிருக்கும்.

ஆகவே ரிப்போர்ட் வந்ததும் முதல் சந்தேகம் லேப் மேல்தான். ‘மெஷின் சரியில்ல டாக்டர், வேற இடத்துல பாத்துட்டு வரேன்.’ அங்கேயும் அதே எண் வந்தால், ‘பொண்ணு கல்யாண டென்ஷன்.’ மாத்திரை எழுதினால், ‘ஆரம்பிச்சா விடவே முடியாதாமே!’ (காபியை எப்போது விட்டார்கள் என்று கேட்கக் கூடாது.) மாத்திரைக்குப் பதிலாக நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிடுகிறார்கள். அது உடம்புக்கு நல்லது என்பதால், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் கூடுதல்.