பந்து பொறுக்கும் மருமகனுக்கு

மருமகனே, கொஞ்ச நாளா வேப்பமரத்தடிக் கட்டில்ல கெடந்தபடி உன்னத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். வெயில் ஏறுமுன்ன பந்தும் கையுமா வந்துருத. தூக்கி எறியுத. உன் சிப்பிப்பாறைக் குட்டி பிச்சுக்கிட்டுப் போகுது. பந்து உருண்டு நின்னதும் அதுவும் நின்னுக்கிடுது. ஒரு தடவ மோந்து பாத்துட்டு ஆகாசத்தப் பாக்குது. நீ போயிக் குனிஞ்சு பந்த எடுத்துட்டு வாற. அது உக்காந்து உன்னப் பாக்குது. யாரு யாருக்குப் பாடம் நடத்துதாகன்னு எனக்கு மொதல்ல வெளங்கல. இப்ப வெளங்கிருச்சு. நீ நல்லாத் தேறிட்ட. இன்னும் வாயில கவ்விட்டு வரணும், அது ஒண்ணுதான் பாக்கி.

கோவப்படாத. குட்டி மக்குன்னு உங்க அத்தைகிட்டச் சொன்னியாமே, அதுக்குத்தான் சொல்லுதேன். நீ செல்போன்ல பாத்துப் பாத்து ஏங்குதியே லாப்ரடாரு, அதோட பொழப்பு வேற. கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்து தீவுல மீன்பிடிக்கிறவுக கூடக் கெடந்து, நழுவுன மீனத் தண்ணிக்குள்ள குதிச்சுத் தூக்கிட்டு வந்த வம்சம் அது. இங்கிலாந்துப் பண்ணையாருக அதக் கொண்டுபோயி, சுட்ட பறவையப் பல்லுப் படாமக் கவ்விட்டு வாறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா வளத்தாக. எடுத்துக் குடுக்கிறதுதான் அதுக்கு உத்தியோகம். நம்ம கரிசக்காட்டு நாய்க்கு அந்த வேலைய யாரு குடுத்தா? கம்மம்புஞ்சையில மொசல் எந்திரிச்சாக் கண்ணால பிடிச்சு, காலால மடக்கணும். அம்புட்டுத்தான். மிச்சத்த மூச்சு வாங்கிக்கிட்டுப் பின்னால வாற மனுசன் பாத்துக்கிடுவான். அந்த மனுசன் வேலையத்தான் இப்ப நீ பாக்குத.

இந்த நாய்க்கு மவுசு வந்ததே இப்பத்தான். 2005-ல நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டப்ப ராஜபாளையத்துக்கு இடம் கெடச்சுது, சிப்பிப்பாறைக்குக் கெடைக்கல. 2020-ல பிரதமரே ரேடியோவுல பேரச் சொன்னாரு. அப்புறந்தான உன்ன மாதிரி ஆளுகளுக்கு ஆசை பொறந்துச்சு.

இது கண்ணை நம்பிப் பொழைக்கிற நாய். ஓடுறது தெரிஞ்சா உசுரு வந்துரும். நின்னுபோச்சுன்னா அக்கறையும் போயிரும். நீ வாங்கியிருக்கது செவப்புப் பந்து. நாய்க் கண்ணுக்கு நீலமும் மஞ்சளுந்தான் துலக்கமாத் தெரியும், செவப்பு மங்கிப்போயி மண்ணு நெறமாத்தான் தெரியும். நின்ன பந்த, அதுவும் தெரியாத பந்த எடுத்துட்டு வான்னா அது என்ன செய்யும்? ஆகாசத்தத்தான் பாக்கும்.

பந்த ஒதுக்கி வையி. பழைய மஞ்சத் துணியில முடிச்சுப் போட்டுக் கயித்துல கட்டித் தரையோட இழு. விட்டு விட்டு இழு, திசைய மாத்தி இழு. பாஞ்சு கவ்வும். கவ்வுனதும் வெடுக்குன்னு பிடுங்கிராத. நாலு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் பால்பல்லு விழுந்து புதுப்பல்லு மொளைக்கிற சமயம், ஈறு நோகும். பிடுங்குனியோ, கவ்வுனா வலிக்கும்னு அது படிச்சு வச்சுக்கிடும். கயித்த விட்டுரு.

வாயில துணியோட நின்னு உன்ன ஒரு பார்வ பாக்கும் பாரு, அங்கதான் நீ காரியத்தக் கெடுத்துருவ. "குடு குடு"ன்னு கைய நீட்டிக்கிட்டு அது பின்னால ஓடுவ. ஏலே, உன் தொப்பைக்கும் அது காலுக்கும் பந்தயமா? அது வட்டம் போட்டு உன்ன வேடிக்கை காட்டும். நீ முதுகக் காட்டிட்டு எதிர்ப்பக்கம் ஓடு. வேட்டி அவுந்தாலும் ஓடு. ஓடுற எதையும் அதால சும்மா விட முடியாது. துணியும் வாயுமா உன் பின்னால வந்து நிக்கும். அப்பவும் பிடுங்காத. காதுக்குப் பின்னால சொறிஞ்சு குடு. அவிச்ச ஈரல் துண்டு ஒண்ண மூக்குகிட்டக் காட்டு. அத்தை வச்ச கொழம்புச் சட்டியில இருந்து எடுக்காத, வெங்காயம் நாய்க்கு ஆகாது. வாயத் தொறக்கும், துணி விழும். ஈரலக் குடுத்துட்டு அந்தத் துணியவே திரும்ப எறி. குடுத்தாப் போச்சுங்கிற பயம் போயி, குடுத்தாத் தீனியும் கெடைக்கும், இன்னொரு ஓட்டமும் கெடைக்கும்னு அதுக்குப் படணும். வட்டிக்கு விடுற உனக்கு இந்தக் கணக்க நான் சொல்லித் தரணுமாக்கும்!

ஆரம்பத்துல வீட்டுக்குப் பின்னால இருக்க முடுக்குல வச்சுப் பழக்கு. அந்தக் கடைசிய அடைச்சுட்டா, திரும்பி வர உன் பக்கம் ஒண்ணுதான் வழி. ஆசை அடங்குமுன்ன துணிய எடுத்துப் பரண்ல போட்டுரு. மறுநா அதுவே பரணுக்குக் கீழ வந்து நிக்கும்.

அப்புறம், உன் செருப்பக் கவ்விட்டு வந்து காலடியில போட்டதுக்கு வெளக்கமாத்தால சாத்துனியாமே? எடுத்துட்டு வந்ததுக்கு அடியும் போட்டுட்டு, எடுத்துட்டு வான்னு பாடமும் நடத்துற வாத்தியார இப்பத்தான் பாக்கேன். ரோசக்கார நாய் இது. அதட்டுனாலே மூலையில போயிச் சுவத்தப் பாத்துப் படுத்துக்கிடும். செருப்புக்கும் ஒரு ஈரல் துண்டு குடு. செருப்பத் தூக்கி உசரத்துல வையி.

நீளக் கயித்தக் கழுத்துப்பட்டையில மாட்டி ஓடவிடாத. முழு வேகத்துல போறப்பக் கயிறு முடிஞ்சா கழுத்துக்கு ஆபத்து. வேலி போட்ட எடமாப் பாத்து அவுத்துவிடு. கஞ்சி குடிச்ச கையோடயும் ஓடவிடாத, நெஞ்சு எறங்குன நாய்க்கு வயிறு முறுக்கிக்கிடும்.

பந்தாவது துணியாவது, காட்டுல மொசலக் காட்டிப் பழக்கிருவோம்னு உன் கூட்டாளி சொன்னது என் காதுக்கும் வந்துச்சு. 1972-லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துட்டு. மொசல் வேட்டை குத்தம். அகப்பட்டா வனத்துறைக்காரன் வண்டியில ஏத்துறது உன்னத்தான். ஜாமீனுக்கு என்கிட்ட வராத.