‘வாப்ளி’ என்னும் பதத்தின் லட்சண விசாரம்

நிலைகொள்ளாமல் தள்ளாடும் வஸ்துக்களைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் ‘வாப்ளி’ என்னும் பதத்துக்கு ‘ஆடுவது’ என்று பொருள் கூறிவிட்டு அகன்றுவிடுதல் எளிது. ஆயினும் ஊஞ்சலும் ஆடுகிறது, கடிகாரத்தின் பெண்டுலமும் ஆடுகிறது, அவற்றை எவரும் வாப்ளி என்று நிந்திப்பதில்லை ஆதலின், அந்த லட்சணம் அதிவியாப்தி என்னும் தோஷத்துக்கு ஆளாகிறது. ‘விழப்போவது’ எனலாமோ என்றால், விழுந்துவிட்ட பொருளை அப்பெயரால் அழைப்பாரும் இல்லை. ஆகவே, ‘ஆடக்கூடாத வஸ்து, ஆடியும் விழாதிருத்தல்’ என்பதே இப்பதத்தின் பூரண லட்சணமென்று ஸ்தாபிக்கத் துணிகிறோம். இச்சொல் ஜெர்மானிய மொழியின் ‘வாபெல்ன்’ என்பதோடு உறவுடையது. பதினேழாம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் உலவுவது. இச்செய்தியால் நமது வாதத்துக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. வேர்ச்சொல் கூறாத ஆராய்ச்சியை உலகம் மதிக்காது என்பதற்காகவே கூறினோம்.

முதற் பிரமாணம் மேசை. எந்த மூன்று புள்ளிகளும் ஒரு தளத்தில் அடங்கிவிடும் ஆதலால் முக்காலி ஆடுவதில்லை. நான்காம் கால் வந்து சேர்ந்ததும் விவகாரம் பிறக்கிறது. குற்றம் மேடுபள்ளமான தரையினுடையதாயிருந்தும், தண்டனையாகக் காகித மடிப்பைச் சுமப்பது மேசையின் காலே. இந்த அநீதியைக் கணித சாஸ்திரம் சகிக்கவில்லை. ரோஜர் ஃபென் 1970-இல் வெளியிட்ட ஆய்வு முதலாகப் பலர் இதனை ஆராய்ந்து, தரை படிக்கட்டுபோல் முறியாமலும் அளவுக்கு மீறிச் சரியாமலும் இருக்குமாயின், சம கால்களுடைய சதுர மேசையைக் கால்வட்டத்துக்குள் திருப்பியே நான்கு கால்களையும் தரையில் பதிக்கலாம் என்று காட்டியுள்ளனர். ஆட்டம் நிற்குமென்றே வாக்குறுதி. இவ்விதம் திருப்புவதால் சாய்வும் நீங்குமென்ற உறுதி இல்லை ஆதலால், காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

இரண்டாவது பிரமாணம் பாலம். 2000 ஜூன் 10-இல் லண்டனில் தேம்ஸ் நதிமீது திறக்கப்பட்ட மில்லேனியம் நடைபாலம், ஜனங்கள் திரளாக ஏறியதும் பக்கவாட்டில் அசைய, அசைவுக்கு ஈடுகொடுக்க அவர்கள் அதன் தாளத்துக்கே அடியெடுத்து வைக்க, அதனால் அசைவு மேலும் வலுக்க, இரண்டே நாளில் மூடப்பட்டது. அதிர்வடக்கிகள் பொருத்தி 2002-இல் மீண்டும் திறந்தபின் அந்த ஆட்டம் ஒழிந்தது. லண்டன்வாசிகளோ இன்னமும் அதனை ‘வாப்ளி பாலம்’ என்கின்றனர். ஆட்டம் ஒழிந்ததற்கு இப்பட்டம் எங்ஙனம் தகும் என்பார், உத்தியோகம் நீங்கிய பின்னும் திவான் என்றே அழைக்கப்படும் பெரியோரை நினைவுகூர்வாராக.

மூன்றாவது பிரமாணம் சாக்ஷாத் பூமி. தன் அச்சைப் பற்றிப் பூமி தள்ளாடுமாயின் அதன் காலம் சுமார் 305 நாளென்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் கணித்திருந்தார். பிறர் அதனைத் தேடிச் சலித்திருக்க, இன்ஷூரன்ஸ் கணக்கரான அமெரிக்கர் சேத் சாண்ட்லர் 1891-இல் அத்தள்ளாட்டத்தைக் கண்டு, அதன் காலம் ஏறக்குறைய பதினான்கு மாதம் என்றார். இதனால் துருவங்கள் சில மீட்டர் அளவு அலைகின்றன. இதற்குச் ‘சாண்ட்லர் வாபிள்’ என்றே பெயர். அசையாதவள் என்னும் பொருளில் நம் முன்னோர் ‘அசலா’ என்று நாமகரணம் செய்தவளே ஆடுகிறாள், ஆடியும் விழவில்லை, லட்சணம் பூரணமாய்ப் பொருந்துகிறது.

இனி ஓர் ஆட்சேபம். ஜெல்லி என்னும் இனிப்புப் பண்டம் ஆடுவதற்கென்றே சமைக்கப்படுவதாயிற்றே, அதனையும் வாப்ளி என்கிறார்களே, ‘ஆடக்கூடாத’ என்ற விசேஷணம் என்னாவது? கிண்ணத்திலிருந்து தட்டில் கவிழ்த்த கணம் முதல் அது கோபுரமென நிமிர்ந்து திடப்பொருள்போல் பாவனை செய்வதால், அப்பாவனைக்கு விரோதமான ஆட்டமும் ஆடக்கூடாத ஆட்டமே என்று சமாதானம் கூறுவோம். இதனை ஏற்காதார் மறுப்பு எழுதி முடிக்குமுன் அப்பண்டம் உண்ணப்பட்டுவிடும் என்பது நமது துணை வாதம்.

இவ்வாராய்ச்சியால் லௌகிக நன்மையும் உண்டு. காய்ச்சல் நீங்கிப் படுக்கையைவிட்டு எழுந்த ஆங்கிலேயர் ஒருவர், சுவரைப் பற்றியபடி, தாம் சற்று வாப்ளியாக இருப்பதாகக் கூறினால், அனுதாபம் தெரிவிப்பது லட்சணத்தை அறியாதார் செயல். அவர் எழுந்து நிற்பதை அவர் வாயாலேயே அறிவித்துவிட்டார் ஆதலால், வாழ்த்துக் கூறி ஒரு நாற்காலி கொணர்ந்து போடுவதே முறை. அந்த நாற்காலிக்கும் நான்கு கால் ஆதலால், அது ஆடுகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே சோதித்துவிட வேண்டும்.